பென்சில்வேனியா ஷேல் எரிவாயு: ஊருக்கு என்ன மிஞ்சியது?

கேள்வி: கொரடாச்சேரிக்காரன், 2 ஜூன் 2025

பென்சில்வேனியாவில் ஷேல் எரிவாயு வந்தபிறகு விவசாயிகள் எல்லாம் கோடீஸ்வரர் ஆகிவிட்டார்கள் என்று ஒரு காணொளி சொல்கிறது. குழாயில் தீப்பிடித்தது, ஊரே காலி என்று இன்னொரு காணொளி. எது உண்மை? அங்கே இருப்பவர் யாராவது சொல்லுங்கள். ஒரு வரி போதும்.

2 ஜூன், இரவு

ஒரு வரி: சிலர் பணக்காரர் ஆனார்கள், சிலர் வீட்டுத் தண்ணீர்க் கிணறு கெட்டது, இரண்டும் பெரும்பாலும் ஒரே வீட்டில் நடக்கவில்லை.

4 ஜூன்

ஒரு வரி போதும் என்று கேட்டுவிட்டு ஏழு துணைக்கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள் தம்பி. சரி, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் இருப்பது நியூயார்க் மாநிலத்தின் தெற்கு ஓரம், பிங்ஹாம்டன் பக்கம். காரை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் பென்சில்வேனியா வந்துவிடும். சொந்த ஊர் மன்னார்குடிக்குக் கிழக்கே, அதனால் மீத்தேன் சண்டை எனக்கு வீட்டுச் சண்டை மாதிரி. இடையில் சில வருடம் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். எரிவாயுக் கிணறு தோண்டும் முன்பு, சுற்றியுள்ள வீடுகளில் கிணற்றுத் தண்ணீரை மாதிரி எடுத்துப் பதிவு செய்து வைக்கும் வேலை. பென்சில்வேனியாவின் சஸ்குவஹானா கவுன்டியில் (கவுன்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி) நிறைய சமையலறைகளுக்குள் போயிருக்கிறேன். காப்பி கொடுத்தவர்கள் உண்டு, நாயை அவிழ்த்து விட்டவர்களும் உண்டு.

முதலில் பாறை. மார்செல்லஸ் ஷேல் என்பது பென்சில்வேனியா, மேற்கு வர்ஜீனியா, ஓஹையோ, நியூயார்க் நான்குக்கும் அடியில் ஓடும் கருப்புக் களிப்பாறை. சஸ்குவஹானா பக்கம் சுமார் 2 கிலோமீட்டர் ஆழம். அதில் எரிவாயு இருப்பது பழைய சேதிதான், எடுக்கத்தான் வழியில்லை. 2004இல் ரேஞ்ச் ரிசோர்சஸ் நிறுவனம் தென்மேற்கே வாஷிங்டன் கவுன்டியில் ஒரு கிணற்றில் தண்ணீரையும் மணலையும் அழுத்தி ஏற்றிப் பாறையைப் பிளந்து பார்த்தது, வந்தது. பிறகு கிடைமட்டத் துளையும் சேர்ந்துகொண்டது. அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் 2002இல் இந்தப் பாறையிலிருந்து இனி எடுக்கக்கூடியது 2 டிரில்லியன் கன அடி என்று கணித்தது. 2011இல் அதே மையம் 84 என்றது. பாறை அப்படியேதான் இருந்தது, துளைக்கும் கருவிதான் மாறியது.

இரண்டாவது, நம்மூர் விவாதத்தில் யாரும் தொடாத விஷயம். அங்கே நிலத்துக்குச் சொந்தக்காரர்தான், பெரும்பாலும், அடியில் இருக்கும் எரிவாயுவுக்கும் சொந்தக்காரர். நம் நாட்டில் அப்படி இல்லை. பெட்ரோலியம் அரசாங்கத்தின் சொத்து, ராயல்டி மாநில அரசுக்குப் போகும், நிலத்துக்காரருக்குத் துளை போடும் இடத்துக்கான குத்தகையோ பயிர் இழப்பீடோதான். குழாய் பதிக்க 1962 சட்டப்படி நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். அங்கே ஒரு விவசாயி கையெழுத்துப் போட ஆசைப்பட்டார், இங்கே ஒரு விவசாயி மறியல் செய்கிறார் என்றால் குணம், அறிவு, அரசியல் என்று போவதற்கு முன் இதைப் பாருங்கள்.

5 ஜூன்

"பெரும்பாலும்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வடுவூரான் கேட்டிருக்கிறார். நியாயம்தான். அங்கே மேல்மண்ணை ஒருவருக்கும் கனிம உரிமையை இன்னொருவருக்கும் தனித்தனியாக விற்கலாம். தென்மேற்குப் பென்சில்வேனியாவில் நிலக்கரிக் காலத்திலேயே தாத்தா கனிம உரிமையை எழுதிக்கொடுத்துவிட்ட குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு லாரியும் சத்தமும் உண்டு, காசோலை கிடையாது. நம்மூர் வில்லங்கச் சான்று போலப் பத்திரங்களை நூறு வருடம் பின்னால் போய்த் தேடுவது அங்கே தனித் தொழிலாகவே இருந்தது. 2009, 2010 வாக்கில் கவுன்டி பத்திர அலுவலகங்களில் உட்கார இடம் கிடைக்காது.

8 ஜூன்

பணக்கதை. என்னோடு வேலை பார்த்த ஒருவர் குடும்பத்துக்கு மான்ட்ரோஸ் பக்கம் மாட்டுப்பண்ணை. 2006இல் கோட்டு போடாத, நல்லாப் பேசுகிற ஒரு எரிவாயு நிறுவன ஆள் வந்து, குத்தகைக்கு ஏக்கருக்கு 25 டாலர் முன்பணம், அப்புறம் எட்டில் ஒரு பங்கு ராயல்டி என்றார். பாலுக்கு விலை இல்லாத நேரம். கையெழுத்துப் போட்டார்கள். எட்டில் ஒன்று, அதாவது 12.5 சதவீதம், பென்சில்வேனியா 1979 சட்டப்படி குறைந்தபட்சம்; அதையே பெரிய சலுகையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டு மூன்று வருடத்தில் பக்கத்து ஊர்க்காரர்கள் ஒன்றுகூடிப் பேரம் பேசி ஏக்கருக்கு 5,000 டாலருக்கு மேல் வாங்கினார்கள், ராயல்டியும் கூடுதலாக. ஒரே பாறை, ஒரே சாலை. முந்திக்கொண்டவருக்கு நஷ்டம், காத்திருந்தவருக்கு டிராக்டர்.

அப்புறம் ராயல்டியிலும் கழிவு. எரிவாயுவைச் சுத்தம் செய்ய, அழுத்தம் ஏற்ற, குழாயில் அனுப்ப ஆகும் செலவைக் கழித்துவிட்டுத்தான் எட்டில் ஒன்று கணக்கிடலாம் என்று 2010இல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கின் பெயர் கில்மர். அதற்குப் பிறகு வந்த சில ராயல்டிக் காசோலைகளை என் நண்பர் காட்டினார். விலை சரிந்த மாதங்களில் கழிவு போக மிஞ்சியது ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக்கு வரும். அப்படி ஒரு காசோலையை அவர் மாற்றவே இல்லை, ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார்.

கோடீஸ்வரர்களும் உண்டு, மறுக்கவில்லை. நல்ல கிணறு, பெரிய நிலம், தாமதமான கையெழுத்து மூன்றும் சேர்ந்தவர்கள். காணொளியில் வருவது அவர்கள்தான்.

8 ஜூன், மீண்டும்

"கோட்டு போடாத ஆள்" என்று ஏன் எழுதினேன் என்கிறார்கள். கோட்டு போட்டு வந்திருந்தால் பண்ணைக்காரர்கள் உஷாராகியிருப்பார்கள். அவ்வளவுதான்.

11 ஜூன்

தண்ணீர். இதற்குத்தான் எல்லோரும் காத்திருக்கிறீர்கள்.

டிமாக் என்பது சஸ்குவஹானா கவுன்டியில் ஒரு சின்ன ஊர். 2009 புத்தாண்டு அன்று ஒரு வீட்டு முற்றத்தில் தண்ணீர்க் கிணறு வெடித்துக் கான்கிரீட் மூடி பெயர்ந்தது. பல வீடுகளின் கிணற்றில் மீத்தேன், அதாவது எரிவாயுவின் முக்கியப் பகுதி. மாநிலச் சுற்றுச்சூழல் துறை விசாரித்து, அங்கே தோண்டிய கேபட் நிறுவனத்தின் கிணறுகளைக் காரணமாகக் காட்டியது. 2010இல் 9 சதுர மைல் பரப்பில் புதிதாகத் தோண்டத் தடை போட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் 19 குடும்பங்களுக்கு 41 லட்சம் டாலர் ஒப்பந்தம். 2012இல் மத்திய சுற்றுச்சூழல் முகமை சில வீடுகளுக்குத் தண்ணீர் கொடுத்தது, பிறகு மேல்நடவடிக்கை தேவையில்லை என்று கிளம்பிவிட்டது. 2016இல் இரண்டு குடும்பங்களுக்கு 42 லட்சம் டாலர் என்று ஜூரி தீர்ப்பு, 2017இல் நீதிபதி அதை ரத்து செய்தார். 2020இல் மாநில அட்டர்னி ஜெனரல் ஜாஷ் ஷபிரோ குற்றவழக்குப் போட்டார். 2022 நவம்பரில் நிறுவனம் (அதற்குள் பெயர் கொட்டெர்ரா) குற்றச்சாட்டை எதிர்த்து வாதிடவில்லை, ஊருக்குப் பொதுக் குடிநீர்க் குழாய் போட 1.6 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டது. கிணறு வெடித்ததற்கும் குழாய்க்குப் பணம் வந்ததற்கும் நடுவே ஒரு குழந்தை பிறந்து உயர்நிலைப்பள்ளிக்குப் போய்விடும்.

இப்போது பரிசோதனைக்காரனாகச் சொல்கிறேன். 2 கிலோமீட்டர் ஆழத்தில் பிளந்த பாறையிலிருந்து விரிசல் நேராக மேலே வந்து கிணற்றில் கலந்தது என்று நினைக்காதீர்கள். மார்செல்லஸுக்கும் குடிநீருக்கும் நடுவே ஆழம் குறைந்த சிறு எரிவாயு அடுக்குகள் இருக்கின்றன. துளைக்கும்போது அவற்றையும் தாண்டித்தான் போகவேண்டும். இரும்புக் குழாய்க்கும் பாறைக்கும் நடுவே ஊற்றும் சிமெண்டு சரியாகப் பிடிக்காவிட்டால் அந்த இடுக்கே வாயு ஏறிவர வழி. ஃப்ராக்கிங்கே (தண்ணீரை அழுத்தி ஏற்றிப் பாறையைப் பிளப்பது) தொடங்காத கிணற்றிலும் இது நடக்கலாம். அதனால் "ஃப்ராக்கிங்கால் தண்ணீர் கெட்டது நிரூபணமாகவில்லை" என்று நிறுவனங்கள் சொன்னது வார்த்தை அளவில் சரியாக இருக்கலாம். வெடித்த கிணற்றுக்காரருக்கு அந்த வார்த்தை எதற்கு?

12 ஜூன்

முந்தைய குறிப்பைப் படித்துவிட்டு, துளையிடும் வேலையில் இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் தனியாக எழுதியிருந்தார்: "சிமெண்டு வேலையை அவசரப்படுத்தும் சூப்பர்வைசர் எல்லா நாட்டிலும் உண்டு." அதோடு, அவசரத்துக்குக் காரணம் குத்தகைக் கெடு என்றும் சொன்னார். சரியான இடத்தைத் தொட்டார். குத்தகை பொதுவாக ஐந்து வருடம், அதற்குள் தோண்டாவிட்டால் காலாவதி, புதுக் குத்தகைக்குப் பழைய விலையில்லை. ஆகவே எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடினார்கள். மாநிலம் குழாய்க்கும் சிமெண்டுக்குமான விதிகளை இறுக்கியது 2011 பிப்ரவரியில். ஓட்டம் தொடங்கி வருடங்கள் ஆன பிறகு.

12 ஜூன், இரவு

தீப்பிடிக்கும் குழாய் காணொளிக்கு மட்டும் ஒரு திருத்தம். உலகம் முழுதும் சுற்றிய அந்தக் காட்சி பென்சில்வேனியாவில் எடுத்ததில்லை, கொலராடோ. அந்த வீட்டுக் கிணற்று வாயு நிலக்கரிப் படிவத்திலிருந்து இயற்கையாக வந்தது என்று அந்த மாநில ஆணையம் சொன்னது. அதைக் காட்டி டெல்டாவில் பேசுவதை நிறுத்தினால் நல்லது. டிமாக் போதுமான உதாரணம், அதற்கு வாண வேடிக்கை தேவையில்லை.

இன்னொன்றும் உண்மை. துளையே போடாத பள்ளத்தாக்குகளில் நாங்கள் மாதிரி எடுத்த வீடுகளிலும் மீத்தேன் வந்திருக்கிறது. ஒரு லிட்டரில் 28 மில்லிகிராமைத் தாண்டினால் தண்ணீரிலிருந்து வாயு தானாகக் குமிழியிட்டு வெளியேறும். ஒரு பாட்டியம்மா, "என் கல்யாணத்துக்கு முன்னாலேயே இந்தத் தண்ணீர் சோடா மாதிரிதான்" என்றார். முன்பதிவு (தோண்டும் முன்பே எடுத்த தண்ணீர்ப் பரிசோதனைப் பதிவு) இருந்தால்தான் பழைய வாயுவா புது வாயுவா என்று பேசவே முடியும். 2012 சட்டத்தில் (ஆக்ட் 13) ஒரு நல்ல பிரிவு வந்தது: எரிவாயுக் கிணற்றிலிருந்து 2,500 அடிக்குள், வேலை முடிந்து 12 மாதத்துக்குள் தண்ணீர் கெட்டால், நிறுவனம்தான் காரணம் என்று எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நிரூபிப்பது அவர்கள் பாடு. அதனால்தான் எனக்கு வேலை கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் சம்பளமும் சுற்றிவளைத்து எரிவாயுப் பணம்தான்.

19 ஜூன்

கழிவுநீர் பற்றிக் கேள்வியே வரவில்லை. என்னைக் கேட்டால் மீத்தேனைவிடப் பெரிய தலைவலி அதுதான்.

ஒரு கிணற்றைப் பிளக்க ஆரம்ப காலத்தில் ஒன்றரை, இரண்டு கோடி லிட்டர் தண்ணீர். துளை நீள நீள இன்னும் கூடியது. சஸ்குவஹானா ஆற்றுக்கு அது பெரிய பாரம் இல்லை, மழை நாடு. ஆற்றுப்படுகை ஆணையம் வறட்சியில் எடுப்பதை நிறுத்தவும் செய்யும். சிக்கல் திரும்பி வரும் நீரில். கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பு, பேரியம், ஸ்ட்ரான்ஷியம், புரோமைடு, கொஞ்சம் ரேடியம் என்ற கதிரியக்கப் பொருள். ஆரம்பத்தில் இதை என்ன செய்தார்கள் தெரியுமா? நகராட்சிச் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு லாரியில் அனுப்பினார்கள். அங்கே உப்பைப் பிரிக்க வசதியே கிடையாது. உள்ளே வந்தது அப்படியே ஆற்றுக்குப் போனது. 2008இல் மொனாங்கஹேலா ஆற்றில் உப்பு ஏறியது, அது பிட்ஸ்பர்க் பக்கத்தின் குடிநீர். 2011 மே மாதம்தான் மாநிலம் நிறுத்தச் சொன்னது, அதுவும் "நிறுத்துங்களேன்" என்ற வேண்டுகோளாக. மேற்கே பிளாக்லிக் ஓடையில் ஒரு உப்புநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கீழே, வண்டலில் ரேடியம் மேல்பகுதியைவிடச் சுமார் 200 மடங்கு என்று டியூக் பல்கலைக்கழகம் 2013இல் வெளியிட்டது.

அதன்பிறகு பெரும்பகுதியை அடுத்த கிணற்றுக்கே திரும்பப் பயன்படுத்துகிறார்கள். மிச்சம் ஓஹையோவுக்குப் போய் ஆழத்தில் செலுத்தப்படுகிறது. யங்ஸ்டவுனில் 2011இல் அப்படிச் செலுத்தி நிலநடுக்கம் வந்து கிணற்றை மூடினார்கள். பக்கத்து மாநிலத்தின் தலையில் கட்டுவது அங்கேயும் ஒரு கலைதான்.

22 ஜூன்

"வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசாமல் நழுவுகிறீர்கள்" என்று கொரடாச்சேரித் தம்பி. நழுவவில்லை, ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்தேன்.

2010, 2011இல் டவாண்டா, வில்லியம்ஸ்போர்ட் பக்கம் ஓட்டலில் அறை கிடைக்காது. வாடகை இரண்டு மூன்று மடங்கு. டெக்சாஸ், ஓக்லஹோமா நம்பர் பிளேட் வண்டிகள். கல்லுடைக்கும் குவாரிக்காரர், லாரிக்காரர், சாப்பாட்டுக்கடைக்காரர் எல்லோரும் சம்பாதித்தார்கள். வாடகை வீட்டில் இருந்த ஏழைகள் வெளியேறினார்கள், அவர்களைக் காணொளி எடுக்க யாரும் வரவில்லை.

பிறகு அவர்கள் எடுத்த எரிவாயுவே அவர்கள் விலையைக் கொன்றது. 2008 நடுவில் 10 லட்சம் பி.டி.யூ.வுக்கு (எரிவாயுவை விற்கும் வெப்ப அளவு) 13 டாலருக்குப் போன விலை 2012 ஏப்ரலில் 2 டாலருக்குக் கீழே. குழாய்வழி போதாததால் வடகிழக்குப் பென்சில்வேனியாவில் அதைவிடவும் குறைவு. நூறைத் தாண்டியிருந்த துளையிடும் எந்திரங்கள் 2016இல் இருபதுக்கும் கீழே. உற்பத்தி மட்டும் குறையவே இல்லை, ஏறியது. டெக்சாஸுக்கு அடுத்த இடம் இன்றும் பென்சில்வேனியாதான். ஆள் குறைவு, எரிவாயு அதிகம். ஓஹையோ ரிவர் வேலி இன்ஸ்டிட்யூட் (தொழிலை விமர்சிப்பவர்கள், அதை மனதில் வையுங்கள்) மூன்று மாநிலங்களில் எரிவாயு அதிகம் எடுக்கும் 22 கவுன்டிகளை எடுத்துப் பார்த்தது. 2008 முதல் 2019 வரை பொருளாதார உற்பத்தி 60 சதவீதம் வளர்ந்தது, வேலைகள் 1.7 சதவீதம். நாடு முழுக்க வேலைகள் சுமார் 10 சதவீதம் கூடிய காலம் அது. பணம் அந்த மண்ணிலிருந்து கிளம்பியது, அங்கே தங்கவில்லை.

ஊராட்சிகளுக்கு ஒரு லாபம் நிச்சயம் உண்டு. ஆக்ட் 13 ஒவ்வொரு கிணற்றுக்கும் ஆண்டுக் கட்டணம் வைத்தது. அதில் கணிசமான பங்கு கவுன்டிக்கும் சிற்றூருக்கும் நேரே போகிறது. சாலை, பாலம், தீயணைப்பு வண்டி அதில் வாங்கினார்கள். ஆனால் எடுக்கும் அளவுக்கு வரி கிடையாது. பெரிய எரிவாயு மாநிலங்களில் அப்படி வரி போடாதது பென்சில்வேனியா மட்டும்.

22 ஜூன், மாலை

நம்மூர்ப் பணமும் அந்தப் பாறையில் போயிருக்கிறது, தெரியுமா? ரிலையன்ஸ் 2010இல் அட்லஸ் நிறுவனத்தின் மார்செல்லஸ் நிலங்களில் 40 சதவீதத்துக்கு 170 கோடி டாலர் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு கரிஸோ நிறுவனத்தோடு இன்னொரு பங்குக்கு 39 கோடி. விற்ற விலை: கரிஸோ பங்கு 2017இல் 12.6 கோடி, அட்லஸ் வழிவந்த பங்கு 2021இல் 25 கோடி. நடுவில் வந்த எரிவாயு வருமானத்தைக் கூட்டினாலும் மகிழ்ச்சியான கணக்காக எனக்குத் தெரியவில்லை. மான்ட்ரோஸ் பண்ணைக்காரர் தனியாக ஏமாறவில்லை என்று அவரிடம் சொன்னேன். ஆறுதலடைந்ததாகத் தெரியவில்லை.

கெயிலும் உண்டு. மேரிலாந்தின் கோவ் பாயிண்ட் முனையத்திலிருந்து ஆண்டுக்கு 23 லட்சம் டன் திரவ எரிவாயு, 20 வருட ஒப்பந்தம், 2018இல் தொடங்கியது. அந்த முனையத்துக்கு வருவது பெரும்பாலும் மார்செல்லஸ் பகுதி எரிவாயுதான்.

29 ஜூன்

எல்லைக்கு இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று கேட்டீர்கள். நியூயார்க் 2008இலிருந்து அனுமதி தராமல் இழுத்தது, 2014 டிசம்பரில் கவர்னர் குவோமோ அரசு தடை என்று அறிவித்தது, 2020இல் சட்டமானது. அப்போது இங்கே ஒரு பாதி ஊர் கொண்டாடியது, இன்னொரு பாதி கொதித்தது. 2015 தொடக்கத்தில் எல்லையோரச் சிற்றூர்கள் பதினைந்து போல, "பென்சில்வேனியாவோடு சேர்ந்துவிடுகிறோம்" என்று பேச ஆரம்பித்தன. நடக்காத காரியம், ஆனால் கோபம் நிஜம். பால்பண்ணை நொடித்துப் போகும்போது வேலிக்கு அந்தப் பக்கம் புதுக் களஞ்சியம் எழுவதைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும்.

என் வீட்டு அடுப்பும் குளிர்கால ஹீட்டரும் எரிவது எரிவாயுவில். தடை போட்ட மாநிலம் பக்கத்து மாநிலத்தில் எடுத்ததை வாங்கி எரிக்கிறது. இதில் எனக்குத் தெளிவான பதில் இல்லை. தடை சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன், ஆனால் அதைப் பெருமையாகச் சொல்ல வாய் வரவில்லை. பக்கத்து எண்டிகாட்டில் ஐ.பி.எம். தொழிற்சாலைக் கரைப்பான் நிலத்தடி நீரில் பரவி, வீடுகளுக்கு அடியிலிருந்து ஆவியை உறிஞ்சி வெளியேற்றக் கருவி வைத்திருக்கிறார்கள். எரிவாயு இல்லாமலும் எங்களுக்குத் தண்ணீரைக் கெடுக்கத் தெரியும்.

6 ஜூலை

உடல்நலம் பற்றி ஆதாரம் கேட்டவருக்கு. பென்சில்வேனியாவில் 2004 முதல் 2013 வரை பிறந்த 11 லட்சம் குழந்தைகளின் பதிவை எடுத்த ஆய்வு 2017இல் வந்தது. கிணற்றுக்கு 1 கிலோமீட்டருக்குள் இருந்த தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு சுமார் 25 சதவீதம் கூடுதல். 3 கிலோமீட்டருக்கு அப்பால் பாதிப்பு தெரியவில்லை. 2023இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் மாநிலப் பணத்தில் செய்த ஆய்வில், 1 மைலுக்குள் வளர்ந்த குழந்தைகளுக்கு லிம்போமா (நிணநீர்ப் புற்று) வரும் வாய்ப்பு 5 முதல் 7 மடங்கு. அரிதான நோய், எண்ணிக்கையில் சிறியது. குழந்தைகளின் ரத்தப்புற்றுக்கும் மூளைப்புற்றுக்கும் தொடர்பு கிடைக்கவில்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள், பாதியை மட்டும் வெட்டிப் பரப்பாதீர்கள்.

7 ஜூலை

தூரம்தான் முக்கியம் என்றால் டெல்டாவுக்கு என்ன அர்த்தம்? இதை நேற்றே எழுதியிருக்கவேண்டும். டிமாக்கில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே வயல், காடு. மன்னார்குடி பக்கம் 1 கிலோமீட்டர் வட்டம் போட்டால் எத்தனை தெரு விழும் என்று பாருங்கள். அதோடு அடியில் ஆற்று மணல், ஆழமில்லாத நீர், அதை நம்பி பம்புசெட். 2020 பிப்ரவரியில் வந்த வேளாண் மண்டலச் சட்டம் ஷேல் எரிவாயுவைப் பெயர் சொல்லியே புதுத் திட்டங்களுக்குத் தடை செய்திருக்கிறது. ஏற்கெனவே ஓடும் கிணறுகளை அது தொடவில்லை. அந்தப் பழைய கிணறுகளின் சிமெண்டு எந்த நிலையில் இருக்கிறது, சுற்றியுள்ள போர்வெல்களில் மீத்தேன் முன்பதிவு யாரிடம் இருக்கிறது என்று கேட்பதுதான் இப்போதைக்கு உருப்படியான போராட்டம் என்று எனக்குப் படுகிறது. கோஷத்துக்கு நீளம் அதிகம், தெரியும்.

20 ஜூலை

"நிலக்கரியை ஒழித்தது எரிவாயுதானே" என்கிறார் வடுவூரான். பாதி ஒப்புக்கொள்கிறேன். பென்சில்வேனியாவின் மிகப்பெரிய நிலக்கரி மின்நிலையம் ஹோமர் சிட்டி, 2023 ஜூலையில் மூடியது. காற்று நிச்சயம் சுத்தமானது. அதே மலிவு எரிவாயு 2019இல் த்ரீ மைல் ஐலண்டின் ஓடிக்கொண்டிருந்த அணு உலையையும் மூடவைத்தது, அதில் புகையே கிடையாது. கசிந்து பூமியைச் சூடாக்கும் மீத்தேன் கணக்கு தனி. 2025 ஏப்ரலில் ஹோமர் சிட்டி இடத்திலேயே கணினித் தரவு மையங்களுக்காக 4,400 மெகாவாட்டுக்கு மேல் எரிவாயு மின்நிலையம் கட்டப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். மார்செல்லஸ் கதை முடிந்தது என்று நினைத்தவர்கள் திரும்ப உட்காரலாம்.

3 ஆகஸ்ட்

கடைசியாக வந்த கேள்வி: ஸ்க்ராண்டனில் வேலை, மான்ட்ரோஸ் பக்கம் வீடு மலிவாக வருகிறது, வாங்கலாமா?

வாங்கலாம். கனிம உரிமை வீட்டோடு வருகிறதா என்று பத்திரத்தைத் தேடச் சொல்லுங்கள், பெரும்பாலும் விற்பவர் தனக்கு வைத்துக்கொள்வார். பழைய குத்தகை இருந்தால் அதன் நகலை வாங்குங்கள். கிணறு எத்தனை அடி, குழாய் எதுவரை என்று கேளுங்கள்; பென்சில்வேனியாவில் வீட்டுக் கிணறு கட்ட விதியே கிடையாது, பல வீடுகளில் உரிமையாளருக்கே தெரியாது. பரிசோதனைக்குக் கொடுக்கும்போது மீத்தேனையும் பேரியத்தையும் தனியாகக் கேட்டு எழுதுங்கள். வங்கிக் கடனுக்குக் கேட்கும் சாதாரணப் பரிசோதனையில் பாக்டீரியாவும் நைட்ரேட்டும்தான் இருக்கும். மாதிரி எடுக்க வருபவர் குப்பியை வழிய வழிய நிரப்பாமல் மேலே காற்று விட்டு மூடினால், திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். வாயு அந்த இடைவெளிக்குள் போய்விடும், சீட்டில் குறைவாகத்தான் வரும்.